நீ திரும்பிப் போன வீடு

அம்மா,

இன்று காலை எங்கள் வார்டில் ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். வீங்கிய கன்னத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தது. நம் வீட்டு வாசனை. ஊசி மருந்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

சித்தூர் சபையில் உன் புருஷனை, என் நைனாவை, நல்ல மனிதர் என்பார்கள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் குரல் அவருடையது. மற்ற நாட்களில் அந்தக் குரல் வாசலில் கேட்டதும், நீ என்னைப் பின்பக்கம் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்பாய். மீசை முளைத்ததும் அண்ணனும் கை ஓங்கக் கற்றுக்கொண்டான்.

திருப்பதியில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. நைனாவோ மனைவியை இழந்த தன் குடிகாரச் சிநேகிதனுக்கு என்னைக் கட்டிவைக்கப் பேசி முடித்திருந்தார். ஓடினேன். பஸ் ஸ்டாண்டிலேயே அண்ணன் சடையைப் பிடித்து இழுத்தான். கண்டக்டர் இறங்கி வந்தார். "மா செல்லெலு" என்றான் அண்ணன் தெலுங்கில். தங்கை என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவர் மறுபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். என்னை அறையில் போட்டுப் பூட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு இருவரும் ஆராதனைக்குப் போனதும், அம்மிக்குழவியால் பூட்டை உடைத்தாய்.

"ஓடு. நான் செத்தாலும் இந்தப் பக்கம் வராத."

"நீயும் வாம்மா."

"ரெண்டு பேரும் போனா ஊரையே கூட்டிக்கினு தேடுவாங்க. நான் இருந்தா என்னை அடிச்சிக்கினு இருப்பாங்க. அதுக்குள்ள நீ போய்ச் சேந்துடு."

நான் போனபின் அன்று என்ன நடந்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. அதன்பின் உன் இடது காது மட்டும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும், திருப்பதியில் ஓர் அறை எடுத்து உன்னை அழைத்துவந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் முதல் வாய் விழுங்கும்வரை, தட்டை எறிவேனோ என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் சபைப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"படுத்த படுக்கையா கெடக்கிறாரு. பொண்டாட்டி நீ பாக்காம வேற யாரும்மா பாப்பாங்க?"

நான் கதவை மறித்து நின்றேன்.

"சோறு துன்னாம கெடக்கிறாராம்டி" என்று என் கையை விலக்கிவிட்டு நீ போனாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள், கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாய் என்று ஆள் அனுப்பினார்கள். உன்னைக் குளிப்பாட்டியவள் நான். உன் கழுத்தில் விரல்கள் பதிந்திருந்தன. போலீசில் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை. சபையில் சொன்னேன். "நல்ல மனுசன் மேல பழி போடாதம்மா" என்றார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர் கல்லறைத் தோட்டத்தில் நிமிர்ந்து நின்று, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

எனக்கு வாய்த்தவர் குரல் உயர்த்தாதவர், அம்மா. ஆனாலும் மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்க அவர் கையைத் தூக்கினால், உன்னுடையது போலவே என் முழங்கையும் முகத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. அவரோ இப்போதெல்லாம் டப்பாக்களைக் கீழ்த்தட்டிலேயே அடுக்கிவைத்துவிடுகிறார்.