அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த மெத்தை

அன்புள்ள ஈ-ஷெங்,

நான் நலம். மலையே இல்லாத அந்த ஹாலந்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அடுத்ததாக அப்பாவைப் பற்றி இதே போல ஒரு வரி எழுத வேண்டும், அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், தெரிந்ததும் நிரப்புகிறேன். செல்பேசியில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும், அதனால்தான் காகிதம். தவிர, தொலைபேசி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

அப்பாவும் அவருடைய பழைய சிநேகிதர் லியாவ் அண்ணனும் நேற்றுக் காலை சைக்கிளில் லீஷான் மலைக்குக் கிளம்பிப் போனார்கள். முந்தின நாள் வரை நம் சமையலறைத் தராசில் மாவு வைக்க எனக்கு முறை கிடைக்கவில்லை. சுமையைக் குறைக்க நீ சொல்லிக் கொடுத்தபடியே அப்பா எல்லாவற்றையும் எடை போட்டார். சக்கரத்துக்கு இரு பக்கமும் தொங்கும் பழைய பைகளையும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் கழற்றிவிட்டு, இருக்கைக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு பையைக் கட்டினார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் அறுத்தார். சட்டைக் காலரிலிருந்த துணிச் சீட்டுகளைக் கத்தரித்தார். துண்டைப் பாதியாகக் கிழித்தார், பாக்கிப் பாதி எனக்குப் பாத்திரம் துடைக்க. சாப்பிடும் குச்சிகளை எடை போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார், ஒரு குச்சி போதுமா என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். லியாவ் அண்ணன் வழக்கம் போல வாணலி, அரிசி மது, தடித்த நுரை மெத்தை, கம்பளி என்று கட்டிக்கொண்டு வந்து நின்றார். "என்னய்யா, வீடு மாத்தறியா? சாமி மாடத்த மட்டும் ஏன் விட்டுட்டே?" என்றார் அப்பா. "உன்னப் பாத்தா முக்குக் கடைக்கு சோயா பால் வாங்கப் போற மாதிரி இருக்கு, கிளம்பு" என்றார் அவர். போன வருடம் அப்பாவின் இதய ரத்தக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்த டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். மெதுவாக மலை ஏறலாம், ஆனால் குளிரில் விறைக்கக் கூடாது என்றார். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இன்று மதியம் அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி, என் கண்ணில் படக்கூடாது என்றே வைத்ததுபோல, நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறக் காற்று மெத்தை இருந்தது. அதே சமயம் தொலைக்காட்சியில், இந்தக் குளிர்காலத்தின் முதல் குளிர் அலை இன்று மாலை இறங்குகிறது, மலைமேல் உறைபனி என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொல்லிக் கொண்டிருந்தாள். ஒவ்வொரு குளிர் அலைக்கும் மறுநாள் செய்தியில் செத்தவர்கள் என்று எந்த வயதுக்காரர்களை எண்ணுவார்கள் என்று உனக்குத் தெரியும். உங்கள் இருவரின் போன் பேச்சு உடனே ஞாபகம் வந்தது. "மெத்தைய விட்டுடுங்கப்பா, முதுகுப் பைய காலி பண்ணி அது மேல படுத்துக்கலாம், நான் ஆல்ப்ஸ்ல அப்படித்தான் படுத்தேன்" என்று நீ சொன்னாய். நீ ஆல்ப்ஸில் நடந்து போனாய் மகனே. முதுகில் பை இருந்தது. அப்பா போயிருப்பது சைக்கிளில். அவருடைய பைகளெல்லாம் சைக்கிளின் வயிற்றிலும் வாலிலும் கட்டியிருக்கின்றன, முதுகில் ஒன்றும் இல்லை. உன் யோசனையில் பாதியை, அதாவது விட்டுவிடுவதை மட்டும், அவர் சிரத்தையாக நிறைவேற்றிவிட்டார்.

அந்த வாத்து இறகுத் தூங்கும் பை இருக்கிறதே என்று சொல்வாய். பத்திரிகையில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவள் நான், எதையும் அடியில் உள்ள சின்ன எழுத்து வரை படிப்பேன், அதனால் அதன் அட்டையையும் படித்தேன். அதில் இரண்டு வெப்ப அளவுகள் போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பதில் மனிதன் தூங்கலாம். கீழே இருப்பதில் சுருண்டு கிடந்து விடியலை எதிர்பார்க்கலாம். அப்பா பெருமையாக எல்லாருக்கும் சொல்லிக் கொண்டிருந்தது கீழே இருப்பது. அந்த இரண்டும் அடியில் ஒரு மெத்தை இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டவை. படுத்தவனின் எடையில் அடியிலிருக்கும் இறகு அப்பளமாகிவிடும், பிறகு தரைக்கும் முதுகுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி வழியில் கூடாரம் போட்ட நான்ஷானிலிருந்து பேசினார், "ராஜா மாதிரி படுத்திருக்கேன்" என்றார். லியாவைப் பற்றி ஒரு கிண்டல் கூடச் செய்யாமல் போனை வைத்தார். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. இன்று கூப்பிட்டால் போன் செத்துக் கிடக்கிறது. சார்ஜ் ஏற்றும் பெட்டியும் டிரம்முக்குப் பின்னால்தான் இருந்தது. லியாவ் அண்ணனிடம் செல்பேசி கிடையாது, வானொலி இருக்கிறது.

லீஷான் காவல் நிலையத்தைக் கூப்பிட்டேன். சைக்கிள்காரர்கள் தண்ணீர் பிடிக்கவும் காற்றடிக்கவும் அங்கே நிற்காமல் போக மாட்டார்கள். வதான் என்ற காவலர் எடுத்தார். "அக்கா, அடையாளம் சொல்லுங்க" என்றார். வயசானவர், மஞ்சள் சட்டை, ஹெல்மெட் என்றேன். "இன்னிக்குத் தண்ணி பிடிச்ச அத்தன பேரும் அவருதான்க்கா" என்றார். கூட வாணலி கட்டிய ஒருவர் வருவார் என்றேன். "வாணலியா? அவர் வந்தா விடமாட்டேன்க்கா" என்றார். அடுத்து சந்தைக்கு ஓடினேன். பழக்கடை மெய்-ஜுவின் கணவன் ஆ-சாய் ஆப்பிள் ஏற்றிவரக் காலி லாரியோடு மேலே லீஷானுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தான். மெத்தையையும் என் கல்யாணப் பஞ்சு ரஜாயையும் கொடுத்தேன். "அண்ணி, அண்ணன் மூஞ்சிய நான் பாத்ததே இல்லியே" என்றான். "உனக்கு மூஞ்சி எதுக்கு? வாணலியத் தேடு" என்றேன்.

இருட்டிவிட்டது. ஆ-சாய் இப்போதுதான் பேசினான். லீஷான் பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள்காரர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்களாம், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன் என்று போனான், திரும்பப் பேசினான். "அண்ணி, ஒரு கூடாரத்து வாசல்ல வாணலி தொங்குது. ஆனா அண்ணன் கூடாரம் எங்கயும் இல்ல." அவருடையது சாம்பல் நிறம், தாமரை இலை அளவுதான் இருக்கும், நன்றாகப் பார் என்றேன். இல்லை என்றான். பிறகு சிக்னல் போய்விட்டது. என் மேல் கோபமா அம்மா என்று நீ கேட்கலாம். இப்போது கேட்காதே, பதில் தயாராக இருக்கிறது. பேனாவை வைக்கிறேன்.

விடிந்துவிட்டது. காவலர் வதான் பேசினார். வாணலி தொங்கிய கூடாரத்தை ஆ-சாய் கடைசியில் திறந்தே பார்த்துவிட்டானாம். ஒரே நுரை மெத்தையில், ஒரே கம்பளிக்குள், ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் குறட்டை விட்டுக் கொண்டிருந்தார்களாம். நான்ஷானில் அப்பாவின் பல் தந்தியடிக்கும் சத்தம் பக்கத்துக் கூடாரம் வரை கேட்டதில் லியாவ் அண்ணன் எழுந்து வந்து, "உன் பல்லுச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல, உள்ள வந்து தொலை" என்று இழுத்துப் போட்டுக் கொண்டாராம். ராஜா படுத்திருந்தது அங்கேதான். மேலே கணவாயில் சாலை உறைந்து கிடப்பதால் வதான் இருவரையும் மேலே விடவில்லை. பனி இளகும் வரை காவல் நிலைய வராந்தாவில் உட்கார்ந்து அந்த வாணலியில் இஞ்சி வாத்து சமைக்கிறார்கள். காவலர்களுக்கும் பங்கு உண்டாம்.

சற்று முன் ஆ-சாயின் லாரி திரும்பி வந்தது. மெத்தையும் ரஜாயும் மேலேயே இருக்கின்றன, அப்பா வாங்கிக் கொண்டாராம். ஆனால் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எனக்கு ஒரு சாம்பல் நிறப் பொட்டலம் இறங்கியது. உன் அப்பா தன் கூடாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். லியாவிடம் ஒன்று இருக்கும்போது எதற்கு இரண்டு என்றாராம். சுமக்கும் எடையில் உன்னை முந்திவிட்டாராம், அதை உனக்கு மறக்காமல் எழுதச் சொன்னாராம். எழுதிவிட்டேன். மெத்தையும் ரஜாயும் லியாவ் அண்ணனின் சைக்கிளில் ஏறியிருப்பதை அவர் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

மேலே விட்டு வைத்த இடத்தை இங்கே நிரப்புகிறேன். அப்பா நலம்.

சந்திரப் புத்தாண்டுக்கு நீ வரும்போது அவரோடு மலையேறப் போவதாகச் சொன்னாய். நீண்ட ஆயுளோடும் முழுப் பற்களோடும் இரு. உன் மெத்தையைக் கையோடு கொண்டு வா. டிரம்முக்குப் பின்னால் நானே தேடிப் பார்த்துவிட்டுத்தான் உன்னை அனுப்புவேன்.

லோதுங்கிலிருந்து, இன்னும் தூங்காத
அம்மா