இருபத்துநான்கு வயதுக்கு எழுதிய கடிதம்

மார்ச் 4

என் பூதக்கண்ணாடிக்கு,

நான் நலம். நீயும் உன் மைக்ரோஸ்கோப்பும் நலமா? பரிசோதனைக்கூடத்தில் ஊரார் செல்களையெல்லாம் உற்றுப் பார்க்கிற உனக்கு, அக்காவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை.

நீ நச்சரித்ததால் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். 'லேசான செல் மாற்றம்' என்று வந்திருக்கிறது. பெரிய மருத்துவமனையில் காட்டச் சொல்கிறார்கள். முதலில் பயந்துதான் போனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, என் மகளுக்கும் இதே வார்த்தைதானே வந்தது! அப்போது அவளுக்கு நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். "பயப்படாதே, பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போதும்." அவளுக்குப் போயும்விட்டது. எனக்கும் போய்விடும். கடிதத்தைத் தையல் மெஷின் டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாற்பது சீருடை தைத்தாக வேண்டும், அலைய நேரமில்லை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கடிதம் உனக்கு எழுதியதில்லை. அவளுக்கு அப்போது இருபத்துநான்கு, உனக்கு ஐம்பத்தெட்டு. மகள் அளவுக்கு வெட்டிய சட்டையை நீ போட்டுக்கொள்வாயா?

இளவயதில் இந்த மாற்றம் நிறையப் பேருக்கு வரும். காரணமான வைரஸைப் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். உன் வயதில் வருவது குறைவு, வந்தால் சும்மா விடக்கூடாது. மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சியால்கூட செல்கள் அப்படித் தெரியலாம். இல்லை, வைரஸ் பல வருடமாகக் குடியிருக்கலாம். எது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். உன் வயதுக்காரர்களின் செல்லைத் தடவிய கண்ணாடி ஸ்லைடு என்றால் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

கடிதத்தில் வயதை எழுதாதது என் தப்பு. அதை நம்பி நீ உட்கார்ந்திருந்தால் என்னால் தாங்க முடியாது. சீருடை காத்திருக்கும், இந்த வாரமே போ.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

போனேன். உள்ளே உற்றுப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். லேசானது இல்லையாம். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். "புற்றுநோய் இல்லம்மா. ஆனா விட்டிருந்தா ஆயிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நாப்பது சீருடையை முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன்" என்றேன். முறைத்தார் பார், உன்னை மாதிரியே. ஆறு மாதத்தில் மறுபடி போக வேண்டும், போவேன்.

உன் பழைய கடிதத்தின் தலையில் 'இருபத்துநான்கு வயதுக்கு மட்டும்' என்று சிவப்புப் பென்சிலால் எழுதி மகளிடமே கொடுத்துவிட்டேன்.

அங்கே காத்திருந்தபோது ஒன்று உறைத்தது. உனக்கு ஐம்பத்திரண்டு. ஊரார் ஸ்லைடையெல்லாம் இரண்டு தடவை பார்க்கிறாயே, உன்னுடையதை யார் பார்த்தது? எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றுகிறாய். அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு இங்கே அதே மருத்துவமனையில் பரிசோதனைக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சாக்குச் சொல்லாமல் வந்து சேர். வெளியே பெஞ்சில் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

யாரிடமும் சொன்னதில்லை, நான் அந்தப் பரிசோதனை செய்துகொண்டு பதினொரு வருடமாகிறது. என் ஸ்லைடு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கே வரும், பக்கத்து மேஜைக்காரி பார்த்துவிடுவாள் என்று தள்ளிப்போட்டேன். உனக்கு அவ்வளவு எழுதிவிட்டு எனக்கே பயமாக இருக்கிறது.

புதன் சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். நான் வெளியே வரும்வரை எழுந்து போய்விடாதே.

பூதக்கண்ணாடி