கழுத்து மாத்திரை

கண்ணு,

இன்று காலை மருந்து டப்பி குலுங்கும் சத்தத்தில்தான் கண் விழித்தேன். உடனே உன் முகம் வந்துவிட்டது. உன் அப்பனுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுகிறார். நான் அழுதால் எழுதுவதை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் மகள் பிறந்த புதிதில் பசித்தாலும் அழமாட்டாள். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்க வந்த ஒருத்தி உன் மடியை எட்டிப் பார்த்து, "சத்தமே இல்லாத புள்ளை, குடுத்து வெச்சவ நீ" என்றாள். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கினால் பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்துவிடும். மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை.

மலையிலிருந்து காரவள்ளி வழியாகக் கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்துவிட்டு, இது பிறவியிலேயே வந்தது, டவுன் சிண்ட்ரோம் என்று பெயர், மாற்ற முடியாது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியும் சரியாக வேலை செய்யவில்லை, அதற்கு மட்டும் மாத்திரை உண்டு என்றார். அவர் சொன்னதில் நம் காதில் தங்கியது கழுத்து ஒன்றுதான். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் கழுத்து மாத்திரை.

விடிந்ததும் கரண்டியில் நசுக்கி, தாய்ப்பாலில் குழைத்து, வெறும் வயிற்றில் புகட்டுவாய். டப்பியை ஆட்டினால் பிள்ளை திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். பசிக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்பதற்காகவே நீ பால் கொடுக்கக் கொஞ்சம் தாமதிப்பாய். பிறகு ஒருநாள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாய்.

"கழுத்துதான் நின்னுருச்சுங்களேப்பா. இனி எதுக்குங்க கழுத்து மாத்திரை?" என்று கேட்டாய்.

வீட்டில் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டப்பி பரண் மேல் ஏறியது. மழை விட்டுச் சாமை அறுப்பதற்குள் பிள்ளை மறுபடி சத்தமில்லாமல் போய்விட்டாள். கைகால் சில்லிட்டு, வயிறு உப்பி, எந்நேரமும் தூக்கம். டப்பியை இறக்கி ஆட்டினாய். அவள் திரும்பவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாத்திரை கழுத்தைத் தூக்கி நிறுத்துவதற்கு அல்ல, மூளையும் நரம்பும் வளர்வதற்கு, அவை வேகமாக வளர்வது இந்த முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் என்றார். நீ மெதுவாகக் கேட்டாய்: "வீணாப் போன மாசமெல்லாம் திரும்பி வருங்களா?"

அவர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "இனிமே நிறுத்தாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

பஸ் மலையேறி நம் ஊரில் நின்றது. இறங்கும்போது, "நான் இருக்குற வரைக்கும் ஒரு நாளும் தவறாதுங்கப்பா" என்றாய். தவறவில்லை. ஆனால் நீ இருந்தது அடுத்த மழை வரைக்கும்தான். காமாலை முற்றிப் பேச்சு நின்ற அந்தக் கடைசிக் காலையிலும் கையைத் தூக்கி உன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாய். தொண்டை வறள்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்குப் புரிந்தது. எழுந்துபோய்க் கரண்டியை எடுத்தேன்.

இப்போது நடக்கிறாள், சாமி. நாலைந்து சொல் வருகிறது. அந்த மாதங்கள் வீணாகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை சொல் வந்திருக்கும் என்று யாரைக் கேட்பேன்? மாப்பிள்ளை கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் மங்கிவிட்டது, மாத்திரையை விரலால் தடவித்தான் எடுக்கிறேன். எனக்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்று கேட்டால், சொந்தக்காரர்கள் "பாத்துக்கலாமுங்க" என்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி உன் பிள்ளையை விட்டுவிட்டு உன்னிடம் வர எனக்கு மனசு வரவில்லை. டப்பியை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு திரிகிறேன். தூங்கும்போது மட்டும் தலைமாட்டில் வைப்பேன்.

இன்று எழ நேரமாகிவிட்டது. கண்ணைத் திறந்தால் அவள் என் காதருகே உட்கார்ந்து டப்பியை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கும் வரை விடவில்லை.

நான் திரும்பாத ஒரு காலை வரும், கண்ணு. அன்றும் அவள் ஆட்டிக்கொண்டேதான் இருப்பாள்.