எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட அக்காவுக்கு

அக்கா, நம் சபையின் பெரிய அண்டாவைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். எங்கள் காலனிப் பிள்ளை பிரபு இப்போது தனியாக ஆராதனை நடத்துகிறானே, ஹார்டுவேர் கடைக்கு மேல் இருக்கிற ஹாலில், அதன் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் அதில் தண்ணீர் பிடித்துச் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருக்கிறார். விளிம்பெல்லாம் சிமெண்ட் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கத்துக் கரி மட்டும் இன்னும் போகவில்லை, விரலில் ஒட்டியது. முகர்ந்தேன். விறகுப்புகை வாசனை. நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் முன்னால் நின்று, கண்ணைக் கசக்கியபடி கிண்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். நான் படியேறவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் போனபிறகு உங்களோடு பேச வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. நல்ல செய்தி எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்து அந்தச் சர்ச்சுக்கு வர ஆரம்பித்த புதிதில், ஆராதனை முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விடுவோம். எங்கள் நெமிலிச்சேரிக் காலனிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். யாரும் போகச் சொன்னதில்லை. முன்வாசலில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். பின்வாசல் காலியாக இருக்கும். சாதி என்ற சொல்லை நம் சபையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் பின்வாசலில் வந்து நின்றீர்கள். குவார்ட்டர்ஸ்காரம்மா, ஃபேக்டரி ஃபோர்மேன் மனைவி, திருநெல்வேலிப் பக்கம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்கள் பெயர்கூடத் தெரியாது.

"சாப்பாட்டுக்கு எங்க போற? வீட்டுக்கா? அது கெடக்கட்டும். வாட்டி எங்கூட."

என்னை இழுத்துக்கொண்டே போய்விட்டீர்கள். அன்றுதான் முதல்முறை சொதி சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வெள்ளையாக ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். எனக்கு அது பிடிக்கவே இல்லை அக்கா. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏ, அந்தப் பிள்ளைக்குக் காரமா எதாவது வையி" என்றார். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெரிதாக மகிழவில்லை. "சோறு போட்டாங்களா, நல்ல மனசு. போடுவாங்கடி, போடாம இன்னா? அந்தம்மாவ நம்ம ஊட்டாண்ட வந்து துன்ன சொல்லு பாக்கலாம்" என்றது.

அம்மா சொன்னதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில், மதிய வெயிலில், காலனித் தெருவில் விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "ஏட்டி மல்லிகா, பசிக்கு. என்ன வச்சிருக்க?"

கருவாட்டுக் குழம்பும் சோறும்தான் இருந்தது. கடைக்குப் போய் முட்டை வாங்கி வருகிறேன் என்றேன். கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து சாப்பிட்டு, மறுசோறு கேட்டு வாங்கினீர்கள். அம்மா கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது. நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தது. "மெய்யாலுமே துன்னுச்சுடி. மீன் முள்ள எடுத்து எடுத்து வச்சிகினு துன்னுச்சு." அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமா, அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு உங்களுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலனியில் நீங்கள் சாப்பிடாத வீடு குறைவு. குவார்ட்டர்ஸ் பெண்கள் கேலி பேசினார்கள், உங்களுக்கு வீட்டில் சமைக்கச் சோம்பல் என்று. நானே ஒருமுறை கேட்டேன், ஏன்க்கா இந்த வெயில்ல அலையிறீங்க என்று. "குடுக்கது லேசுட்டி. குடுக்கவன் கை மேல இருக்கும்லா. போயி வாங்கித் திங்கணும், அதுதான் கஷ்டம்" என்றீர்கள். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

எல்லாம் உடைந்தது அந்த அசனத்தில்தான். அறுப்பின் பண்டிகைக்கு மறுவாரம் சபையார் சேர்ந்து உண்ணுகிற சாப்பாட்டை உங்கள் ஊர் வழக்கப்படி அசனம் என்பீர்கள். எப்போதும் குவார்ட்டர்ஸ் பெண்கள் சமைப்பார்கள். நாங்கள் வெங்காயம் உரிப்போம், பாத்திரம் கழுவுவோம். அந்த வருஷம் நீங்கள் கமிட்டியில் எழுந்து, "இந்தத் தடவை அவிய சமைக்கட்டும், நாம உக்காந்து சாப்பிடுவோம்" என்றீர்கள். செயலாளர் ரொம்ப மரியாதையாக, "தாராளமா செய்யட்டும் சிஸ்டர், நமக்குள்ள என்ன இருக்கு" என்றார். நீங்கள் அதை நம்பினீர்கள்.

நாங்கள் முந்தின நாளிலிருந்தே ஓடினோம். பிரபுவின் அம்மா எங்கிருந்தோ நல்ல அரிசி வாங்கி வந்தது. குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குகிற வேலை அதற்கு. அன்று லீவு சொல்லிவிட்டு விடியுமுன்னே வந்து அடுப்பு மூட்டியது. கிண்டவாவது விடுங்கள் என்று நீங்கள் கெஞ்சிக் கரண்டியை வாங்கினீர்கள். பிரியாணி நன்றாக வந்தது. பந்தலில் பெஞ்சு போட்டு இலையும் விரித்தாகிவிட்டது.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குச் சுகர். ஒருவருக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். ஒருவருக்கு வயிறு சரியில்லை. பிறகு செயலாளர் வீட்டம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "பார்சலாக் குடுத்துருங்களேன், வீட்ல போய் நிதானமா சாப்பிடறோம்." எல்லார் முகத்திலும் நிம்மதி வந்துவிட்டது. நாங்களும் சந்தோஷமாகவே கட்டிக் கொடுத்தோம் அக்கா, வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று. வரிசையாக இலை விரித்துக் கிடந்த அந்தப் பெஞ்சில் குவார்ட்டர்ஸிலிருந்து நீங்களும் அண்ணனும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலை பிரபுவின் அம்மா வழக்கம்போல் குவார்ட்டர்ஸில் குப்பை அள்ளப் போனது. தொட்டிகளில் அந்தப் பார்சல் பைகள் கிடந்தன. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. தான் போட்ட முடிச்சு அதற்குத் தெரியாதா? அள்ளி வண்டியில் போட்டுவிட்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் பிரபு எழுந்து நின்றான். சத்தம் போடவில்லை. போதகரைப் பார்த்து, "ஐயரே, ஒரு விஷயம். புடிக்கலன்னா வோணாம்னு சொல்லிக்கலாம். எங்கம்மா ஆக்குனத எங்கம்மா கையாலயே அள்ள வச்சிட்டீங்களே" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

நீங்கள் எழுந்து முன்னால் போனீர்கள். மைக் இல்லாமல், பிரபுவின் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, கைகூப்பி, "நாங்க செஞ்சது பாவம். மன்னிச்சிருங்க" என்றீர்கள். பிரபுவின் அம்மா உங்களைப் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரே கொந்தளிப்பு. எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாள், யாரைக் கேட்டு எங்களுக்காக மன்னிப்புக் கேட்டாள் என்றார்கள். வெளியே வந்தால் எங்கள் ஆட்கள், "நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா நீங்களும் அந்த ஆளுங்கதான்" என்றார்கள். ஒரே காலையில் உங்களுக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று.

சபை பிரிந்தது, எங்கள் ஆட்கள் பிரபுவோடு அந்த ஹாலுக்குப் போனார்கள். பாத்திரத்தையும் பிரித்தார்கள். அண்டா எங்களுக்கு வந்தது, மூடி சர்ச்சிலேயே நின்றுவிட்டது. அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். நான் கடைசியாகப் பார்த்த உங்கள் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் காலையில் சர்ச்சுக்கும், முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க இங்கே ஹாலுக்கும் வந்தீர்கள். இரண்டு இடத்திலும் உங்களுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அண்ணன் ரிட்டையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, கொரட்டூரில் தன் தம்பி வீட்டுப் பக்கம் போகலாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல், நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு வந்தீர்கள். வந்த கொஞ்ச நாளில் உங்களுக்குக் கிட்னி பழுதானது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி.

அந்த உடம்போடு கிறிஸ்துமஸ் மதியத்துக்கு இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் ஆட்டோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீங்களே இறங்கிச் சொன்னீர்கள். வர மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. செயலாளர் வீட்டம்மா ஒரு கேக்கோடு வந்தார். வாசலிலேயே கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுதான் கிளம்பினோம் சிஸ்டர்" என்று சொல்லிப் போய்விட்டார். பிரபு வரவில்லை. அவன் அம்மா வரவில்லை. நானும் அம்மாவும்தான் வந்தோம். அம்மா உங்கள் வீட்டில் சாப்பிட்டது அன்றுதான் முதலும் கடைசியும். சொதியை ருசித்துவிட்டு, "இன்னாம்மா இது, பச்ச புள்ளைக்கு ஊட்றாப்ல கீது" என்றது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். உங்கள் கண் வாசலிலேயே இருந்தது.

பாத்திரங்களை நான் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தீர்கள். "நான் தோத்துட்டேன் மல்லிகா" என்றீர்கள். அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "சும்மா சொல்லாதட்டி. நீயும் சும்மா சொன்னா நான் யாருட்ட பேசுவேன்?"

அதனால்தான் இந்த மடலில் நான் எதையும் சும்மா சொல்லப் போவதில்லை.

உங்கள் அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள் அக்கா. உங்களைப் பற்றி எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். வீட்டு ஜெபம் யார் செய்வது, கல்லறையில் யார் செய்வது என்று இரண்டு பக்கமும் உங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று பேசி முடிவு செய்தார்கள். குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சாப்பாடு வந்தது. சர்ச்காரர்கள் கொண்டுவந்ததை அவர்கள் சாப்பிட்டார்கள். ஹால்காரர்கள் கொண்டுவந்ததை எங்கள் ஆட்கள் சாப்பிட்டார்கள். ஒரே ஷாமியானாவுக்குள்தான். அண்ணன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் தட்டோடு வந்து கேட்டார்கள். அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரியம் முடிந்ததும் தம்பியோடு கொரட்டூர் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பார். நலமா என்றால் நலம் என்பார். அதற்குமேல் பேச்சு வராது.

இப்போது ஹாலிலும் சண்டை. பாட்டுக் குழுவை யார் நடத்துவது என்பதில் ஆரம்பித்து, சிலர் காட்டுப்பாக்கம் பக்கம் வேறு சபைக்குப் போகிறார்கள். அம்மா இப்போது எங்கும் போவதில்லை. வீட்டிலேயே முழங்கால் போட்டு ஜெபித்துக்கொள்கிறது.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். ஆராதனை முடிகிற நேரமாகப் பார்த்து, செயலாளர் சொந்தமாகக் கட்டிக் குடிபோன வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தட்டினேன். அவர் வீட்டம்மா வந்தார்.

"பசிக்குதுக்கா. இன்னா சமைச்சிருக்கீங்க?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் கேட்டைத் திறக்கவில்லை. முகம் மட்டும் மாறியது. "ஐயோ மல்லிகா, முன்னாடியே சொல்லக்கூடாதா? இப்பதான் எல்லாம் முடிச்சு ஏறக்கட்டினோம்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவால்லக்கா, வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நிஜமாகவே பசித்தது.

நம்பிக்கையை நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. உங்களிடமே அது தீர்ந்துபோயிருந்தது, கொடுக்க எங்கே இருந்தது? அடுத்தவர் வாசலில் போய்ப் பசிக்கிறது என்று சொல்லி நிற்கிற அந்த வெட்கங்கெட்டதனம் ஒன்றுதான் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பவும் அந்த வீட்டுக்குப் போவேன். கேட் திறக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போவேன், வீட்டில் சாப்பிடாமல் போவேன்.