செபம் சொல்லாத மண்

அண்ணாச்சி,

உங்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கக் கோரும் மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டிருக்கிறது. தாலுகா கச்சேரியின் தலைமைக் குமாஸ்தா நேற்று கோப்பைப் பார்த்து என்னிடம் உறுதிப்படுத்தினார். உத்தரவு ஆகவில்லை. வெளியே வந்தால் நனைந்த செம்மண்ணின் வாசம். உங்களைப் புதைத்த அன்றும் அதே வாசம்தான்.

திருவட்டாற்றுச் சாலையில், உங்கள் சொந்தத் தென்னை விளையின் தெற்கு மூலையில், மரங்களுக்கு நடுவே கிடக்கிறீர்கள். அந்த வரிசையில் எல்லா வீட்டாரும் இறந்தவர்களை அப்படித்தான் அடக்கியிருக்கிறார்கள். மனு உங்கள் ஒருவர்மேல்தான்.

நாடு விடுதலையான வருஷம், மிஷன் பள்ளி வாத்தியாராக இருந்த நீங்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, "நம்ம பக்தியில பாதி பயமாக்கும். பயத்தை எடுத்துப்போட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்" என்றீர்கள். வேலை போயிற்று. சபையும் நீக்கியது. அதையே குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்த கூட்டத்திடம் சொன்னபோது ஒருவன் அழுகிய சாளையை வீசினான். சட்டையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேலை செய்த மக்கா. இத வித்திருந்தா நாலு வீட்டுல வயித்தால போயிருக்கும்" என்றீர்கள். எறிந்தவனே சிரித்துவிட்டான்.

நம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் இணைப்பைக் கேட்டவர்தான். இரங்கல் கூட்டத்தில், "அழுங்க. ஆனா செத்தவங்கள சாமியாக்காதீய. சாமியாக்கினா அது இன்னும் பலி கேக்கும்" என்றீர்கள். மேடையிலிருந்து தள்ளி இறக்கினார்கள். கடைசிவரை அந்தக் கூட்டத்தார் உங்களோடு பேசவில்லை. நீங்கள் சொன்னது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் நினைக்கிறேன்.

மனுக்கொடுத்தவர் அடுத்த விளைக்காரர் செல்லையா. கிணற்றுத் தண்ணீர் கெடுகிறதாம். போய்க் கேட்டேன்.

"உங்க அப்பாவும் இதே கெணத்துப் பக்கந்தானே கெடக்காரு?"

"அது வேற ஓய். அப்பாவுக்குச் செபம் பண்ணி அடக்குனது. இவருக்கு ஒரு வார்த்தை சொன்னாவளா? சும்மா மண்ணத் தள்ளியாச்சு. அவரு எங்க போவாரு, நீரே சொல்லும். பிள்ளைங்க அந்திக்கு வெளிய இறங்கமாட்டேங்குது."

"மனுவுல தண்ணின்னுல்லா எழுதியிருக்கு?"

"பின்ன, பயமாட்டு இருக்குன்னா எழுதுவாவ?"

போதகர் வந்து ஒரு சின்னச் செபம் சொல்ல விட்டால் மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். உங்கள் மனைவியான மைனியிடம் பேசி முடிக்க என்னைக் கேட்டார். நான் பேசி முடிக்கவில்லை. கேட்டதை மைனியிடம் அப்படியே சொன்னேன். சாகும்போது நீங்கள் அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு செபமும் வேண்டாம் என்று.

மைனி முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை. "ஒரு செபந்தானே, அவருக்குக் கேக்கவா போவுதுங்காவ. எனக்குக் கேக்குமே." உமியை ஊதிவிட்டுச் சொன்னார்கள்: "தோண்டினாலும் நாந்தானே பாக்கணும்."

யார் எதைக் கேட்டாலும் எந்தப் பயத்தில் கேட்கிறார் என்று பார்ப்பது உங்களிடமிருந்து வந்து என்னிடம் தங்கிவிட்ட பழக்கம். அதனால் செல்லையாவை வெறுக்க முடியவில்லை. மைனிக்குத் தைரியம் சொல்லவும் வாய் வரவில்லை.

மனு மலையாளத்தில் இருக்கிறது. நவம்பரில் நாம் மலையாள ஆட்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டதால், அதைத் தமிழில் பெயர்த்த பிறகுதான் விசாரணை. புதிய தாசில்தார் தை பிறந்ததும் பொறுப்பேற்று, அந்த மாதமே இடத்தைப் பார்க்க வருவார் என்கிறார் குமாஸ்தா. செபமா, தோண்டலா என்று மைனியிடம் அவர் நேரில் கேட்பார். மைனி இன்னும் முடிவு சொல்லவில்லை.