மூக்குக்கண்ணாடியைச் சுற்றி வந்த பேப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்க மூட்டுவலியும் அம்மாவோட இருமலும் இப்போ எப்படி இருக்கு?

நீங்க அனுப்பின மூக்குக்கண்ணாடி உடையாம வந்து சேர்ந்தது. ஆனா அறையே அமளிப்பட்டது அதைச் சுற்றியிருந்த பழைய பேப்பரால்தான்! செய்திகளோட ஓரத்தில் நீங்க பென்சிலால் போட்ட சண்டையை எல்லாம் அறையில் கூட இருக்கிற வெல்டரும் டிரைவரும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ஒரு செய்தியில், நடந்தா போனுக்குச் சார்ஜ் ஏத்துற செருப்பாம். பக்கத்தில் நீங்க, "உட்கார்ந்தே போன் பார்க்கிறவனுக்கு?" வெல்டருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. பெட்ரோல் விலை "ரெண்டே மாசத்தில் இறங்கும்"னு எழுதியிருந்தீங்களே, இறங்கிடுச்சுப்பா! டிரைவருக்கு நீங்க இப்போ 'ஜோசியர்'. தேர்தலில் யார் ஜெயிப்பாங்கன்னு உங்ககிட்டயே கேட்கச் சொல்றார்.

வெளிநாட்டில் வேலை செய்றவங்களுக்கு லீவைக் குறைக்கப் போறதாவும் ஒரு செய்தி இருந்தது. அதுக்கு நேரா, "அப்போ இவன் எப்போ"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்தோட தாள் கிழிஞ்சு போயிருக்கு. மிச்சத்தை அவங்க ரெண்டு பேரும் கேட்கவே இல்லை.

அடுத்த தடவை எதை அனுப்பினாலும் முழுத் தாளில் சுற்றுங்கப்பா. அனுப்ப ஒண்ணும் இல்லைன்னா பேப்பரை மட்டுமாவது அனுப்புங்க.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது, ஓடுறேன்.

உங்க மகன்