ராஜா போட்ட குட்டிகள்

வடக்கனந்தல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, நிர்மலா வணங்கி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் நம் தனுஷாவும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம் என்று ஏழாம் மாதச் சோதனையில் சொன்னார்கள். நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் தனுஷா என் மடியில் ஏறிக்கொள்கிறாள். அவள் காதில் விழக்கூடாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் லீவு முடிந்து குவைத் திரும்புகிற பச்சமுத்து அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ராஜா குட்டி போட்டுவிட்டது. ஆமாம், நம் முயல் ராஜாதான்.

பிறந்தநாளுக்கு அவள் முதலில் நாய் கேட்டாள். சாமி அறைக்குள் வந்துவிடும் என்றேன். கிளி கேட்டாள். கூண்டில் அடைப்பது பாவம் என்றேன். கடைசியில் சங்கராபுரம் சந்தையில் முயல் பார்த்தோம். துள்ளிக்கொண்டிருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, மூலையில் ஒரு காது கறுப்பாக இருந்ததைக் காட்டி, "குண்டா உக்காந்துக்கினு இருக்குது பாரு, அதான் எனுக்கு வேணும்" என்றாள். விற்றவரும், "ஆம்பள முயலும்மா, ஒரு ரோதனையும் இல்ல, தைரியமா எடுத்துக்கினு போங்க" என்றார். வாங்கிய நாளைக் கணக்கு நோட்டில் குறித்திருந்தேன். இன்றோடு இருபத்திரண்டு நாள். அது குண்டு இல்லை மாமா, சினை.

திங்கட்கிழமை ராஜா தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிப் பிடுங்கி ஒரு மூலையில் குவித்தது. ஏதோ நோய் என்று நினைத்தேன். மஞ்சள் அரைத்துப் பூசி, மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன். மறுநாள் விடிந்ததும் தனுஷாவின் அலறல். "யம்மா, ராஜா வயித்துலருந்து எலியா வந்துக்கினு இருக்குது!" ஓடிப் பார்த்தால் ஆறு. மயிர் இல்லாமல், கண் திறக்காமல், விரல் மாதிரி ஆறு.

பெற்ற ராஜாவோ குட்டிகளை விட்டுவிட்டு எதிர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டேன். மறுபடியும் ஓடியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தனுஷா பள்ளிக்கூடம் போனதும் ராஜாவைப் பிடித்துக் குட்டிகளோடு சேர்த்துக் கோழிக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தேன். பச்சை உடம்புக்காரி பிள்ளையை விட்டு நகரக் கூடாது என்றுதானே நம் வீட்டில் பழக்கம்? கூடைமேல் அம்மிக் குழவியை வைத்தேன். வேப்பிலை செருகிச் சாம்பிராணி போட்டேன்.

உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. குட்டிகளைச் சேர்த்து அணைத்துக்கொள்கிறது என்று நினைத்து, விளக்கு பூஜைக்குப் பூ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கூடையைத் தூக்கினேன். புகைக்குப் பயந்து தப்பிக்கக் குதித்திருக்கிறது. அதன் காலடியில் இரண்டு குட்டி நசுங்கிக் கிடந்தன.

பள்ளி வேன் வருவதற்குள் இரண்டையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அவளிடம், பூனை தூக்கிப் போய்விட்டது என்று சொன்னேன். மாமா, அவளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் இது.

மறுநாள் மாட்டு டாக்டரிடம் காட்டினோம். அவர் சிரித்தார். "முயலு நாளுக்கு ஒரு தடவதாம்மா குட்டிக்கிட்ட போவும். அஞ்சு நிமிஷம் பால் குடுத்துட்டு வந்துரும். கூடவே இருந்தா வாசன புடிச்சிக்கினு பூனை, கீரி வந்துரும்னு தள்ளியே உக்காரும். அது பாசம்" என்றார். தனுஷா உடனே, "எங்கப்பா மாதிரிங்க. போன்ல அஞ்சு நிமிஷந்தான் வருவாரு" என்றாள். டாக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

மீதி நாலு குட்டியும் பிழைத்துவிடும் என்றார். விடியற்காலையில் ராஜா தானாகப் போய்ப் பால் கொடுப்பதை நானே பார்த்தேன். ஆனால் நேற்று தனுஷா, எதிர்வீட்டு செந்தமிழ்ச்செல்வி அக்காவின் பூனையைக் கல்லால் அடித்துவிட்டாள். அது நொண்டுகிறது. "என் குட்டியத் தின்னுட்டு வந்து நிக்குது பாரு" என்று அழுதாள். அக்கா, "இன்னாடி, புள்ளைய இப்படி வளத்து வச்சிக்கினு இருக்கற?" என்று கேட்டார். பூனையின் காலில் மஞ்சள் பூசிவிட்டு வந்தேன்.

தனுஷாவிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இவள் பிறந்தபோது நீங்கள் பதினோரு மாதம் கழித்துத்தான் முகம் பார்த்தீர்கள். அப்போதும் தனியாகச் சமாளித்தேன். இதை மட்டும் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஐப்பசிக்கு வருவதற்கு லீவு கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடலாம்.

அவளும் உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். பாப்பா பிறந்ததும் வருவீர்களா, வந்தால் எத்தனை நிமிஷம் இருப்பீர்கள் என்று.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாரியம்மன் உங்கள் கூடவே இருந்து, உங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
நிர்மலா